எம்.எஸ்சி. புராஜெக்ட்: அலுமினா மேல் ரூதேனியமா, உலோகம் ஏற்றிய சியோலைட்டா?

சேர்க்காடு_மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து பென்சால்டிஹைடு எடுப்பதுதான் புராஜெக்ட். எங்கள் ஆய்வகத்தில் இந்த மாற்றத்துக்கு இன்றும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும்தான். எனக்கு ஊர் ராணிப்பேட்டை. குரோமியக் கழிவு மேட்டையும் கெட்டுப்போன கிணறுகளையும் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அந்தப் பச்சைக் கரைசலை சிங்க்கில் ஊற்ற மனம் வரவில்லை. திடமான வினையூக்கி ஒன்றைச் செய்து, ஆக்சிஜன் வாயுவை வைத்தே இதை முடிக்க வேண்டும் என்று ஆசை.

கைடு இரண்டு வழி சொன்னார். ஒன்று, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு தூள்) மேல் ரூதேனியம் என்ற அரிய உலோகம். இன்னொன்று, சியோலைட் என்ற நுண்துளைப் படிகத்துக்குள் ஏதாவது ஓர் உலோகம். எதை எடுத்தாலும் சரி என்கிறார். எங்களிடம் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்தத்தில் வினை நடத்தும் பாத்திரம்) இல்லை. ரிஃப்ளக்ஸ் செட், மஃபிள் ஃபர்னஸ், ஒரு குழாய் உலை, ஆக்சிஜன் சிலிண்டர், கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் ஜி.சி. கருவி இருக்கின்றன. நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

பாலாறு_ஓரம்:
நல்ல கேள்வி அம்மா. காட்பாடியில் நீண்ட காலம் இதைப் பாடமாக நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"சியோலைட்டுக்குள் உலோகம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அதில் மூன்று வகை உண்டு. மூன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு.

முதல் வகையில் உலோகம் சட்டகத்திலேயே சேர்ந்துவிடுகிறது. சியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றின் நான்முகிகள் மூலைக்கு மூலை ஆக்சிஜனால் இணைந்த படிகம். அதில் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் டைட்டானியத்தை உட்கார வைக்கலாம். டி.எஸ்-1 என்ற டைட்டானியம் சிலிக்கலைட் அப்படித்தான் பிறந்தது. இத்தாலியின் எனி நிறுவனக் குழுமத்து ஆட்கள் 1983ல் காப்புரிமை எடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துக்கொண்டு பீனாலைக் கேட்டகாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாற்றும். புரொப்பிலீனை புரொப்பிலீன் ஆக்சைடாக்கும். 2008ல் தென்கொரியாவின் உல்சானிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் புரொப்பிலீன் ஆக்சைடு ஆலைகள் பெராக்சைடு வழியில் ஓடத் தொடங்கின. உடன்விளைபொருள் தண்ணீர் மட்டும்தான். டைட்டானியம் நான்கு இணைதிறனில் நிலையாக நிற்பதால் அந்தச் சட்டகத்தை விட்டு எளிதில் வெளியே வராது.

இரண்டாவது வகை அயனிப் பரிமாற்றம். சிலிக்கான் இடத்தில் ஓர் அலுமினியம் வந்தால் சட்டகத்துக்கு ஓர் எதிர்மின்சுமை கூடுகிறது. அதை ஈடுகட்ட சோடியமோ புரோட்டானோ துளைக்குள் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு தாமிரம், கோபால்ட், இரும்பு என்று எதையும் வைக்கலாம். ஆனால் அந்த அயனி சொந்தக்காரர் இல்லை, வாடகைக்கு இருப்பவர். சோடியமோ அமிலமோ உள்ள திரவம் வந்தால் வெளியே போய்விடும்.

மூன்றாவது வகையில் உலோகத் துகள்களோ ஆக்சைடு துகள்களோ கூண்டுக்குள் அடைபட்டிருக்கும். ஒய் சியோலைட்டின் கூண்டு சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அதன் வாசல் சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம். உள்ளே வளர்ந்த துகள் வாசலைவிடப் பெரிதானால் வெளியே வராது.

உன் வினை திரவத்தில் நடக்கப்போகிறது. அதனால் எந்த வகையை எடுத்தாலும் முதல் கேள்வி, வினை முடிந்து வடிகட்டிய பிறகு வடிநீரில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதுதான். விளைச்சல் 99 சதவீதமா 92 சதவீதமா என்பது அதற்கு அப்புறம்.

குடியாத்தம்_ஆய்வு:
சார் சொன்னது சரி. நான் பி.எச்டி. மூன்றாம் வருடம், ரூதேனியத்தில்தான் வேலை செய்கிறேன். தங்கைக்கு ஆட்டோகிளேவ் இல்லை, நான்கு மாதம்தான் என்றால் அலுமினா மேல் ரூதேனியம் எடுப்பது நல்லது. பென்சைல் ஆல்கஹாலை ஒரு வளிமண்டல அழுத்த ஆக்சிஜனிலேயே பென்சால்டிஹைடாக்கும் என்று ஜப்பானில் யமகுச்சியும் மிசுனோவும் 2002லேயே காட்டிவிட்டார்கள். வெப்பநிலை 83 டிகிரிதான்.

செய்முறை எளிது. ரூதேனியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து, காமா அலுமினா தூளைப் போட்டுக் கலக்கவும். அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடை மெதுவாக விட்டு பி.எச்.சை சுமார் 13க்குக் கொண்டுபோகவும். பழுப்பும் கறுப்பும் கலந்த கரைசல் நிறம் வெளுத்து, அலுமினா அடர்பச்சையாகும். வடிகட்டி, குளோரைடு போகும்வரை கழுவிக் காயவைக்கவும். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்த்தால் குளோரைடு போய்விட்டதா என்று தெரிந்துவிடும். இதற்கு ஃபர்னஸ் வேண்டாம், காற்றில் சுடவும் வேண்டாம். ரூதேனியத்தைக் காற்றில் அதிகச் சூட்டில் வைத்தால் ஆக்சைடு துகள்கள் பெரிதாகிக் கட்டிகட்டியாகும்.

கணக்கும் போட்டுத் தருகிறேன். நீரேறிய ரூதேனியம் குளோரைடில் எடையில் சுமார் 40 சதவீதம் ரூதேனியம். 10 கிராம் அலுமினாவில் 2 சதவீதம் ஏற்ற 200 மில்லிகிராம் ரூதேனியம் வேண்டும், அதாவது அரை கிராம் குளோரைடு. ஒரு மில்லிமோல் ஆல்கஹாலுக்கு 2.5 மோல் சதவீதம் (ஆயிரம் ஆல்கஹால் மூலக்கூறுக்கு 25 ரூதேனியம் அணு) என்றால் இரண்டரை மில்லிகிராம் ரூதேனியம், அதாவது சுமார் 126 மில்லிகிராம் வினையூக்கி. 10 கிராமில் எழுபது எண்பது ரன் ஓட்டலாம். ஒரு கிராம் குளோரைடு ஆயிரக்கணக்கில் விலை என்று பயந்தாலும், ஒரு புராஜெக்ட்டுக்கு அரை கிராம் போதும்.

சிப்காட்_ஷிப்ட்:
ராணிப்பேட்டை சிப்காட்டில் புரொடக்‌ஷனில் இருக்கிறேன். ஆலைப் பக்கம் இருந்து ஒரு எச்சரிக்கை முதலில். டொலுவீனைக் கரைப்பானாக எடுத்து, மேலே தூய ஆக்சிஜன் பலூன் கட்டி, 83 டிகிரியில் ஓட்டப்போகிறீர்கள். சில மில்லிலிட்டர் அளவில், ஃப்யூம் ஹூடுக்குள், எண்ணெய்க் குளியலில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் பர்னர் எரியக்கூடாது. ஆலையில் கரைப்பான் ஆவி மேல் தூய ஆக்சிஜனை விடவே மாட்டோம், நைட்ரஜன் கலந்து நீர்க்கவைத்துத்தான் விடுவோம். கார்பன் மேல் ரூதேனியம் வாங்கி ஹைட்ரஜனேற்றம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வினை முடிந்த கார்பனை ஃபில்டரில் காயவிடாதீர்கள். ஹைட்ரஜனை உறிஞ்சிய கார்பன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், மெத்தனால் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். எப்போதும் தண்ணீரில் நனைத்தே வையுங்கள்.

அப்புறம் விஷயம். இந்த ஊரில் தாலிக் அன்ஹைட்ரைடு பல வருடமாகத் தயாராகிறது. ஆர்த்தோ சைலீன் ஆவியையும் காற்றையும் வனேடியம் ஆக்சைடு மேல் 350 டிகிரிக்கு மேல் விடுகிறார்கள். அங்கே கரைந்து போகும் பேச்சே இல்லை, ஏனென்றால் திரவமே இல்லை. திரவ வினைக்கு வந்தால்தான் இந்தத் தொல்லை. மருந்து இடைப்பொருள் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் உலோக மிச்சத்தைக் கேட்கிறார்கள். வாய்வழி மருந்தில் ரூதேனியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. ஆய்வகத்தில் "மறுபடி பயன்படுத்தலாம், ஐந்து முறை ஓட்டினோம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆலைக்கு வந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை, வடிநீரின் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்போம்.

சேர்க்காடு_மாணவி:
சார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என் வகுப்புத் தோழி ஒருத்தி சியோலைட் சட்டகத்தில் குரோமியம் வைத்தால் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அருமையாக நடக்கும், திடத்துக்குள் பூட்டியிருப்பதால் வெளியே வராது என்கிறாள். அது டி.எஸ்-1 மாதிரிதானே?

பாலாறு_ஓரம்:
வேண்டாம் அம்மா. நம் ஊரில் இருந்துகொண்டு அதை மட்டும் எடுக்காதே.

டைட்டானியம் உட்கார்ந்த மாதிரி குரோமியம் உட்காராது. பெராக்சைடு சேர்ந்ததும் குரோமியம் ஆறு இணைதிறனுக்குப் போகும். அப்போது அதற்கு இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன்கள் வேண்டும். சட்டகத்தோடு இருக்கும் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, குரோமியம் கரைசலுக்குள் இறங்கிவிடும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ரோஜர் ஷெல்டன் குழு 1990களில் இதைத் துருவிப் பார்த்தது. குரோமியம் வைத்த அலுமினோபாஸ்பேட்டுகளையும் சிலிக்கலைட்டையும் வைத்து வினை நடத்தி, பாதியில் சூட்டோடு வடிகட்டினார்கள். திடம் போன பிறகும் வடிநீரில் வினை தொடர்ந்தது. கரைந்த சொற்பக் குரோமியமே வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்தது. அதுவரை "பலமுறை பயன்படுத்தலாம்" என்று எழுதப்பட்ட கட்டுரைகள் பல அந்தச் சோதனைக்குப் பின் நிற்கவில்லை.

ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. அதில் கரைகிற, நஞ்சான ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. மழை பெய்கிற ஒவ்வொரு முறையும் நிலத்தடிக்கு இறங்குகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். இத்தனையும் கண்ணெதிரே இருக்கும்போது "திடத்துக்குள் பூட்டியிருக்கிறது" என்ற சொல்லை நாம் ஒருபோதும் அளக்காமல் நம்பக்கூடாது.

வாலாஜா_லாரி:
எனக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் படிக்கிறேன். பி.எஸ்.6 லாரி இரண்டு ஓட்டுகிறோம், சென்னை பெங்களூர் ரோடுதான். சைலென்சரில் இருக்கிற கேட்டலிஸ்ட் சியோலைட்தான் என்று சர்வீஸில் சொன்னார்கள். யூரியா கேன் விலை கூடிக்கொண்டே போகிறது. நிறைய பேர் வயலுக்குப் போடும் யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். ஊற்றலாமா?

குடியாத்தம்_ஆய்வு:
அண்ணே, தயவுசெய்து ஊற்றாதீர்கள். சார் மேலே சொன்ன இரண்டாவது வகைதான் உங்கள் லாரியில் இருப்பது. சபசைட் என்னும் சிறுதுளை சியோலைட்டில் தாமிர அயனியை ஏற்றியிருப்பார்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியே போகிறது. துளை சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான். சட்டகத்திலிருந்து அலுமினியம் கழன்றாலும் அந்தச் சிறு துளை வழியே வெளியேற முடியாததால், புகைக்குழாய்ச் சூட்டையும் நீராவியையும் அது தாங்குகிறது.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பும் கடினமும். அதில் கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் இருக்கும். அவை போய்த் தாமிரம் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கேட்டலிஸ்ட் செத்துவிடும். வயல் யூரியாவில் 2015லிருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள், அந்த எண்ணெய் நாசிலில் படியும். மானிய யூரியாவை இதற்கு எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. 32.5 சதவீதம் உள்ள, அயனி நீக்கிய தண்ணீரில் செய்த தரமான கேனையே வாங்குங்கள். கேட்டலிஸ்ட் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் கேன் விலை ஒன்றுமே இல்லை.

வாலாஜா_லாரி:
சரி தம்பி, ரொம்ப நன்றி. டிரைவர் பசங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர்_லேப்:
தோல் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருக்கிறேன். எல்லோரும் குரோமியத்தைத் திட்டுகிறீர்கள், தோல் பதனிடுவதில் போடுவது நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் என்பதையும் சொல்லியிருக்கலாம். அது இருக்கட்டும். என் கேள்வி நேரடியானது. குரோமியத்தை விட்டுவிட்டு இன்னொரு கன உலோகத்தைக் கொண்டுவருகிறீர்கள். ரூதேனியமும் சாக்கடைக்குத்தானே போகும்? இதில் என்ன லாபம்?

சிப்காட்_ஷிப்ட்:
நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

டைகுரோமேட் முறையில் மூன்று மோல் ஆல்டிஹைடுக்கு ஒரு மோல் டைகுரோமேட் செலவாகும். ஒரு கிலோ பென்சால்டிஹைடுக்குச் சுமார் 920 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட். அதில் உள்ள குரோமியம் மட்டும் 325 கிராமுக்கு மேல், அத்தனையும் கழிவுக்குப் போகிறது. சேர்க்கும் அமிலத்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

ரூதேனியத்தில் 2.5 மோல் சதவீதம் என்றால் ஒரு கிலோ பென்சால்டிஹைடுக்கு 24 கிராம் ரூதேனியம் பாத்திரத்தில் இருக்கும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போட்டால் அந்த 24 கிராமும் நஷ்டம், அது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. வடிகட்டி எடுத்து மறுபடி போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு சதவீதம் மட்டும் கரைந்தால் கால் கிராம் வெளியே போகிறது. 325 கிராமுக்கும் கால் கிராமுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். அது நிற்பதும் விழுவதும் அந்த ஒரு சதவீதத்தில்தான் இருக்கிறது. பத்து சதவீதம் கரைந்தால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், ரூதேனியம் அவ்வளவு விலை.

ஆம்பூர்_லேப்:
இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் பெண் முதலில் அளக்க வேண்டியது அந்த ஒரு சதவீதத்தைத்தான். எப்படி அளப்பாள்?

குடியாத்தம்_ஆய்வு:
இரண்டு வழியிலும் செய்ய வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

முதலில் சூட்டோடு வடிகட்டும் சோதனை. வினை முப்பது நாற்பது சதவீதம் வந்ததும் 83 டிகிரியிலேயே, ஆறவிடாமல், சூடாக்கிய புனலில் வடிகட்டவும். ஆறினால் கரைந்த உலோகம் திரும்பப் போய் அலுமினா மேல் படிந்துவிடும், சோதனை பொய் சொல்லும். வடிநீரை அதே சூட்டில் ஆக்சிஜனோடு தொடர்ந்து ஓட்டி ஜி.சி.யில் பார்க்கவும். மாற்றம் அங்கேயே நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் கரைந்த ரூதேனியம் வேலை செய்கிறது.

அடுத்து வடிநீரை ஐ.சி.பி.க்கு (கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் கருவி) அனுப்பவும். நம் அளவில் 2.5 மில்லிகிராம் ரூதேனியத்தில் ஒரு சதவீதம் 25 மைக்ரோகிராம். 5 மில்லிலிட்டரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம். கருவி எளிதாகப் பிடித்துவிடும்.

மறுபயன்பாடு காட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். ஒவ்வொரு முறையும் நூறு சதவீதம் முடியும்வரை ஓட்டி "ஐந்து முறையும் 99" என்று அட்டவணை போடுகிறார்கள். வினையூக்கியில் பாதி செத்திருந்தாலும் நேரம் கொடுத்தால் 99 வந்துவிடும். அதனால் முதல் பத்துப் பதினைந்து நிமிட வேகத்தை ஒப்பிடவும்.

பாலாறு_ஓரம்:
இதோடு ஒரு யோசனை. நேரம் மிச்சமிருந்தால் மூன்றாவது வகையையும் தொட்டுப் பார். ஃபோஜசைட் (ஒய் சியோலைட்டின் அதே அமைப்பு) கூண்டுக்குள் நானோ ரூதேனியம் ஆக்சைடை வளர்த்து, இதே ஆல்கஹால் ஆக்சிஜனேற்றத்தை 2003ல் செய்து காட்டியிருக்கிறார்கள். அது உண்மையிலேயே கூண்டுக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க, வாசலில் நுழைய முடியாத ஓர் ஆல்கஹாலைப் போட வேண்டும். கொலஸ்டிரால் போதும். ஆனால் ஒன்று, கொலஸ்டிரால் இயல்பிலேயே மெதுவாக வினைபுரியும். அதனால் அலுமினா மேல் உள்ள ரூதேனியத்தோடு அதே நிலைமையில் ஒரு ரன் ஓட்டி ஒப்பிட்டால்தான் முடிவுக்கு அர்த்தம். அலுமினாவில் மாறி, சியோலைட்டில் மாறாவிட்டால் உலோகம் உள்ளேதான் இருக்கிறது.

சேர்க்காடு_மாணவி:
முடிவு செய்துவிட்டேன். அலுமினா மேல் ரூதேனியம். சூட்டோடு வடிகட்டும் சோதனையைக் கடைசி வாரத்துக்கு விடாமல் முதல் மாதத்திலேயே செய்கிறேன், கைடும் சரி என்றார். டைகுரோமேட் முறையையும் ஒரே ஒரு முறை சிறிய அளவில் ஓட்டி, இரண்டு கழிவிலும் உள்ள உலோகத்தை ஒரே அட்டவணையில் போடப்போகிறேன். அந்தக் குரோமியக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைப்போம், சிங்க்குக்குப் போகாது.

ஐ.சி.பி. வெளியே கொடுக்க வேண்டும். வடிநீரில் டொலுவீன் இருப்பதால் அப்படியே வாங்க மாட்டார்களாம். டொலுவீனை ஆவியாக்கிவிட்டு, மிச்சத்தை அடர் நைட்ரிக் அமிலத்தில் திறந்த பீக்கரில் கொதிக்கவைத்துக் கரைத்துக் கொடுக்கலாமா?

பாலாறு_ஓரம்:
திறந்த பீக்கரில் வேண்டாம் அம்மா. கடுமையாக ஆக்சிஜனேற்றும் அமிலத்தில் கொதிக்கவைத்தால் ரூதேனியம் டெட்ராக்சைடாகிப் பறந்துவிடும். அது சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும், கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நஞ்சு. அதோடு ஐ.சி.பி.யில் ரூதேனியம் இல்லை என்று வரும், நீயும் கரையவில்லை என்று எழுதிவிடுவாய். மூடிய டெஃப்லான் பாத்திரத்தில், ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதிகமாகவும் நைட்ரிக் கொஞ்சமாகவும் சேர்த்து, மைக்ரோவேவ் டைஜெஸ்டரில் கரைக்கச் சொல். நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். பெர்குளோரிக் பக்கமே போகாதே. கூடவே, அளவு தெரிந்த ரூதேனியம் சேர்த்த ஒரு டொலுவீன் மாதிரியையும் அதே வழியில் கரைத்து அனுப்பு. போட்டது திரும்ப வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

சேர்க்காடு_மாணவி:
சரி சார். அளவு தெரிந்த மாதிரி ஒன்றும், ரூதேனியமே சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றும் சேர்த்தே அனுப்புகிறேன். ரிப்போர்ட் வந்ததும் எண்களை அப்படியே இங்கே போடுகிறேன்.